ஊசிநத்தை

இரண்டாக மடித்த வேட்டித் துணியைப் பானை வாயில் கட்டி வடித்த தண்ணீர்தான். அப்படியிருந்தும் அடியில் ஒரு நத்தை கிடந்தது.

கருப்பாயி அகப்பையை விட்டு அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சுண்டுவிரல் நகத்தின் நீளம்தான் இருக்கும். நீண்டு கூம்பிய ஓடு, முனை ஊசிபோல், பழுப்பில் சிவப்புச் சிதறல். தோட்டத்துச் சனங்கள் அதை ஊசிநத்தை என்பார்கள். ஓடையிலும் வாய்க்காலிலும் பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து கிடக்கும், வெளிச்சம் மங்கினால் மேலே வரும். அதைக் கண்டு யாரும் பயந்ததில்லை. அவளும் பயப்படவில்லை. நேற்று ஒன்று கிடந்தது. முந்தாநாள் ஒன்று. துணியைப் பிரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். ஓட்டை எதுவும் இல்லை.

வெளியே பிற்பகல் மழை தகரக் கூரையில் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. புகைக்கூண்டிலிருந்து வரும் ரப்பர் வாடையும், வெள்ளம் வடிந்த பிறகு லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தங்கிவிட்ட சேற்று வாடையும் கலந்து வீட்டுக்குள் நின்றன. அவள் புருஷன் அய்யாவு வாசற்படியில் உட்கார்ந்து, துணி ஊறவைக்கும் தகரத் தொட்டியில் இரண்டு கால்களையும் விட்டுக்கொண்டிருந்தான்.

"என்னாங்க, பானையைத் தொட்டீங்களா?"

"இல்ல."

"இன்னிக்கும் நத்தை கிடக்குது."

அவன் மழையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பானையை மூடத் திரும்பியபோது, "கிடக்கட்டும்," என்றான்.

வெள்ளத்திலிருந்து அவன் திரும்பி வந்து அன்றோடு ஒன்பது நாள்.

அது 1926ஆம் வருஷத்து மார்கழி. அடைமழை நாள்கணக்கில் விடாமல் பெய்து, மலாயாவில் சிகாமட் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஒன்பதாங்கட்டைத் தோட்டத்துக்குள் வந்துவிட்டது. தாழ்ந்த பக்கத்து ரப்பர் மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. ஆற்றோரத்து ஸ்டோரில் காய வைத்திருந்த ரப்பர் ஷீட்டுகளை மேட்டுக்குக் கொண்டுவர மூன்று பேர் படகில் போனார்கள். படகு கவிழ்ந்தது. இரண்டு பேர் கிளையைப் பிடித்துத் தப்பினார்கள். அய்யாவுவைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனதை அந்த இரண்டு பேருமே பார்த்தார்கள்.

கருப்பாயி அழவில்லை. அடுத்த வீட்டுப் பேச்சியம்மாள், இவள் அழாவிட்டால் புத்தி பேதலித்துவிடும் என்று பயந்து, கன்னத்தில் இரண்டு அறைகூட அறைந்து பார்த்தாள். கன்னம் சிவந்தது. வலிக்கவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து ஆறு வருஷம் ஆகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் அவளுக்கு யாரும் மிச்சமில்லை, இந்தப் பக்கம் அவன் ஒருவன்தான். அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததே தவிர, உடம்பில் எங்கேயும் போய்ப் பட மாட்டேன் என்றது.

நாலாம் நாள் பிற்பகல் மரங்களுக்கு நடுவே அவன் நடந்து வந்தான். அன்றைக்கு மழை இல்லை. அவன் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். லயமே ஓடிப்போய் அவனைச் சூழ்ந்துகொண்டது. கங்காணி வீரமுத்து, முனியாண்டி சாமிக்குச் சேவல் அறுத்தார். எங்கே இருந்தாய், எந்த மரத்தைப் பிடித்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன், "தண்ணியில," என்று மட்டும் சொன்னான். கருப்பாயி அடுப்பில் உலை வைத்தாள். வந்துவிட்டான் என்று நினைத்தாள். விளக்கில் எண்ணெய் இருக்கிறது, விறகு காய்ந்திருக்கிறது என்று நினைப்பதுபோல அதையும் நினைத்தாள்.

அவன் சோறு தின்னவில்லை. தட்டில் பிசைந்து வைத்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தான். செம்பு செம்பாக, மூச்சு விடாமல் குடித்தான். பக்கத்தில் படுத்தால் அவன் உடம்பிலிருந்து ஆற்றங்கரை மணலின் குளிர்ச்சி வந்தது. காய்ச்சல் போன உடம்பு, வெள்ளத்தில் ஊறிய உடம்பு, தேறிவிடும் என்றார்கள். அவளும் அப்படியே சொல்லிக்கொண்டாள்.

வந்த பதினோராம் நாள் அவனைப் பால் வெட்டப் போகச் சொன்னார் கங்காணி. அடுத்தடுத்த நிரையில்தான் இரண்டு பேருக்கும் வேலை. காலை வெளிச்சம் இலைகளுக்கு நடுவே இறங்கத் தொடங்கிய நேரம், அவள் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து மரத்தில் மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது, அவன் கத்தியைப் பிடித்தபடி சும்மா நின்றான். கத்தி மரப்பட்டையில் இல்லை. இடது கட்டைவிரலின் அடியில் எலும்புவரை இறங்கியிருந்தது.

"ஐயோ, கையி," என்று அவள் ஓடிப்போய்ப் பிடித்தாள்.

அவன் குனிந்து பார்த்தான். "எங்க?" என்றான்.

வெட்டு வாய் திறந்திருந்தது. உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ரத்தம் வரும் என்று அவள் காத்திருந்தாள். நெடுநேரம் கழித்து ஓரத்தில் ஒரு துளி திரண்டது. தெளிந்த தண்ணீர். மரத்தில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. அவனிடமிருந்து அதற்கு மேல் ஒன்றும் சொட்டவில்லை.

கருப்பாயி தன் நீலச் சேலையின் ஓரத்தைக் கிழித்து விரலைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டாள். போட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று நாலு பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை.

புருஷனுக்குக் கையில் காயம், கத்தி பிடிக்க முடியாது என்று அவளே கங்காணியிடம் சொன்னாள். அவர் அவனை வாய்க்காலில் மண் வாரும் வேலைக்கு மாற்றினார்.

பானையில் எடுத்த நத்தைகளில் ஒன்றை மட்டும் அவள் எறியாமல் ஒரு பால் மங்கில் கொஞ்சம் மணலும் தண்ணீரும் விட்டுப் போட்டு வைத்திருந்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. போட்ட ஆறாம் நாள் பார்த்தபோது மங்கின் உள்பக்கம் முழுக்க மணல் ஒட்டினதுபோல் இருந்தது. விரலால் துடைக்கப் போனாள். மணல் நகர்ந்தது. ஒவ்வொரு பொடிக்கும் ஓடு இருந்தது, முனை இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓடையில் துணி துவைக்கும்போது பேச்சியம்மாளிடம் அதைச் சொன்னாள். முழங்காலளவு தண்ணீரில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பத்துப் பாகம் தள்ளி, வாய்க்கால் ஓடையில் சேரும் இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் குனிந்து அய்யாவு மண் வாரிக்கொண்டிருந்தான்.

"ஒத்தை நத்தைக்கா. எப்படிக்கா குட்டி போடும்?"

"அதுக்கு ஜோடி வேணாம்டி. ஒண்ணு இருந்தா போதும், தொட்டியே நெறைஞ்சிடும்." பேச்சியம்மாள் துணியைக் கல்லில் அடித்தாள். "ஆனா பாவம், உசுரு உள்ளதை அது தொடாது. பாரேன், எம்புட்டு நேரமா நிக்கிறோம். நம்ம கால்ல ஒண்ணாச்சும் ஏறியிருக்கா? அழுகுன எலை, செத்த மீனு. அதுதான் அதுக்குச் சோறு."

கருப்பாயி குனிந்து பார்த்தாள். தெளிந்த தண்ணீருக்கு அடியில் இரண்டு ஜோடிக் கால்கள். சுற்றிலும் நத்தைகள் மணலில் கோடு கிழித்தபடி ஊர்ந்தன. விரல்கிட்டே வந்தவை விலகிப் போயின. போன வருஷம் இதே ஓடையில் பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்துக்காரர் ஒருவருடைய எருமைக் கன்று ஒன்று செத்து மிதந்தது அவளுக்கு நினைவு வந்தது. அதன் வயிறு கறுப்பாக, கரடுமுரடாக, மரப்பட்டைபோல இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் பட்டை அசைந்தது.

"அய்யாவு, போதும்பா. கரையேறு," என்று மேட்டிலிருந்து கங்காணி குரல் கொடுத்துவிட்டுப் போனார்.

அவன் மண்வெட்டியை ஊன்றிக் கரையேறினான். பேச்சியம்மாள் சாதாரணமாகத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் கையில் இருந்த துணி கல்மேல் விழவில்லை.

இடுப்பிலிருந்து பாதம்வரை அவன் தோல் தெரியவில்லை. ஓட்டின்மேல் ஓடாக, இடம் விடாமல், ஊசிமுனைகள் எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு. அவன் நடக்க நடக்க அவை ஒன்றோடொன்று உரசின. தூரத்தில் யாரோ அரிசி களைவதுபோலச் சத்தம் வந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. இவர்களைப் பார்த்து, "போலாமா புள்ள?" என்று கேட்டான்.

பேச்சியம்மாள் துவைக்காத துணியை எல்லாம் அள்ளிக் கூடையில் திணித்தாள். ஈரச் சேலை காலில் தட்ட மேட்டில் ஏறிப் போனாள்.

வீட்டில் அவனைப் பலகையில் உட்கார வைத்து, கருப்பாயி ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள். மண்ணெண்ணெய் டின் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பிடுங்கும்போது ஒவ்வொன்றும் தோலை லேசாக இழுத்துப் பிறகு விட்டது. டின்னில் விழுந்தபோது டிக் என்றது. டிக். டிக். முதலில் தகரத்தில் விழுந்த சத்தம். பிறகு ஓட்டின்மேல் ஓடு விழுந்த சத்தம். மழை பிடித்துக்கொண்டது. பின்மாலை வெளிச்சம் வாசலில் இருந்து அவன் முழங்கால்வரைதான் வந்தது.

"வலிக்குதுங்களா?"

"எது?"

நத்தை எடுத்த இடத்தில் புண் இல்லை. கழுநீரில் ஊறிய துணிபோல் வெளுத்து, மழமழவென்று, ஒரு ரோமம் இல்லாமல் இருந்தது. அமுக்கினால் பள்ளம் விழுந்தது. பள்ளம் நிமிரவில்லை. முதுகில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க அவன் மேல் சாய்ந்தபோது அவள் காது அவன் நெஞ்சில் பட்டது. ஆறு வருஷமாகத் தலை வைத்துப் படுத்த நெஞ்சு. அதன் துடிப்பு அவளுக்குத் தெரியும்.

துடிப்பு இல்லை. அரிசி களையும் சத்தம்தான் கேட்டது. மெதுவாக, உள்ளே, ஆழத்தில்.

அவள் தலையை எடுத்தாள். மிச்சம் இருந்த கால் விரல்களுக்கு நடுவே உள்ளதைப் பிடுங்கினாள். டின்னை எடுத்துக்கொண்டு போய் மழையில் நின்று கொட்டிவிட்டு வந்தாள். பயம் எங்கேயோ இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்தில் யாரோ பேசுவதுபோல் குரல் மட்டும் கேட்டது, சொல் விளங்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் பேச்சியம்மாள் வாசலுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். வழக்கமாக நேரே அடுப்படிவரை வருகிறவள்.

"கருப்பாயி, வெளிய வா."

அவள் போனாள். பேச்சியம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"அது அய்யாவு இல்லடி."

"அவருதாங்க்கா."

"நீதான் அவனைத் தினமும் தொடுற. உனக்குத் தெரியாதா?"

உள்ளே தொட்டியில் தண்ணீர் கலங்கும் சத்தம் கேட்டது. அவன் காலை மாற்றி வைக்கிறான்.

"இதைப் பிடிச்சி வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போற? ஒண்ணு இருந்தா போதும்னு நேத்துதானே சொன்னேன். எனக்குப் புள்ளைங்க இருக்குடி." பேச்சியம்மாள் அழுதுவிடுவாள்போல் இருந்தது. "உன்னையும் என்கூட வந்துடுன்னு கூப்பிடணும்னுதான் வந்தேன். வரியா?"

"அவருக்கு யாரு தண்ணி எடுத்துக் குடுப்பா?"

பேச்சியம்மாள் அன்றைக்கே மேட்டு லயத்துக் கடைசி வீட்டுக்குப் பிள்ளைகளோடு மாறிப் போனாள். அவள் வெளியே என்ன சொன்னாளோ தெரியாது, இரண்டு நாளில் அதற்கடுத்த வீடுகளும் காலியாயின. கங்காணி வேலைக்குக் கூப்பிடவில்லை. பொதுக் குழாயில் கருப்பாயி குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். அவள் நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தொட்டியில் ஊற்றினாள். பிடுங்கினாள். இப்போது ஓடைக்குப் போகாமலேயே அவன் கால்களில் அவை இருந்தன.

தை பிறந்து நாலு நாள் கழித்து, பகல் பதினொரு மணிக்குத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஏரம்பமூர்த்தி வாசலுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த மனிதர், யாரிடமும் சத்தமாகப் பேசாதவர். லயத்துப் பக்கமே வராதவர் வந்திருந்தார். பின்னால் கங்காணி வீரமுத்து தரையைப் பார்த்தபடி நின்றார்.

"ஆத்தில தண்ணி வத்தினாப் பிறகு மணல் திட்டியில ஒரு பிரேதம் கிடக்குதாம். கம்பத்துத் தலைவர் பெங்குலு ஆள் அனுப்பியிருக்கிறார். தமிழாள்தானாம்," என்றார் கிராணி. "இடுப்பில ஒரு தோல் வார் இருக்குதாம். அது உன்ரை மனுசன்ரை வார் மாதிரி எண்டு கங்காணி சொல்லுறார். அவன்தான் வந்திட்டானே. ஆனாலும் நீ ஒருக்கா வந்து பார்த்துச் சொன்னால் நல்லது."

"வாரு வெள்ளத்துல அவுந்து போச்சுங்க," என்றாள் கருப்பாயி. அவன் அப்படிச் சொன்னதில்லை. அவள் கேட்டதும் இல்லை.

"அவன் எங்கை?"

"காய்ச்சலுங்க. படுத்திருக்காரு."

கிராணி உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. "சரி, நீ வா," என்றார்.

மாட்டு வண்டியில் போனார்கள். பல வாரத்துக்குப் பிறகு அன்றுதான் முழு வெயில். சேறு காய்ந்து வெடித்திருந்தது. மரங்களின் கழுத்தில் வெள்ளம் நின்ற உயரத்துக்கு ஒரே கோடாகச் சேற்றுப் பட்டை தெரிந்தது. ஆறு சின்னதாக, ஒன்றும் செய்யாததுபோல், தாழ்வில் ஓடிக்கொண்டிருந்தது.

பாதி தண்ணீரிலும் பாதி மணலிலுமாக அது கிடந்தது. மனித நீளத்தில் ஒரு கறுப்பு மேடு. கிட்டே போகப் போக அரிசி களையும் சத்தம். கிராணி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆனால் பிண வாடை இல்லை. ஈர மணல் வாடைதான். கருப்பாயிக்குப் பழகிய வாடை. அவள் தினமும் அதன் பக்கத்தில் படுக்கிறாள்.

பெங்குலுவின் ஆள் ஒருவர் ஈர்க்குமாற்றால் கூட்டினார். நத்தைகள் கொத்துக் கொத்தாக மணலில் சரிந்தன. முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. மார்பு இல்லை. வார் இருந்தது, பித்தளைப் பூட்டு வெயிலில் மின்னியது.

அவர் கையைக் கூட்டினார்.

இடது கை. கட்டைவிரல். விரலின் அடியில் நீலத் துணி. இரண்டு முடிச்சு.

நாலு வாரம் சேற்றில் கிடந்த உடம்பு. தலைமயிர், வேட்டி, நகம் எல்லாம் மண் நிறம். அந்தத் துணி மட்டும் கிழித்த அன்றைக்கு இருந்த நீலம். அவள் கட்டியிருந்த சேலையின் ஓரத்தில் அந்த நீளத்துக்குக் கிழிசல் இருந்தது. அவள் கொசுவத்தை மெதுவாகத் திருப்பி அதை உள்பக்கம் செருகிக்கொண்டாள்.

"வடிவாப் பார்," என்றார் கிராணி. "அவசரம் இல்லை. தெரிஞ்ச ஆள் எண்டால் தோட்டத்துக்குக் கொண்டுபோய் முறைப்படி எல்லாம் செய்து எரிக்கலாம். ஆரெண்டு தெரியாட்டி இதிலயே தாட்டுப்போடச் சொல்லுவன்."

வீரமுத்து கங்காணி முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "கருப்பாயி, சொல்லிடும்மா," என்றார். "உனக்கும் நல்லது. அவனுக்கும் நல்லது."

அவருக்கும் தெரிந்திருந்தது. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவள் வாயால் வர வேண்டும் என்று காத்திருந்தார்கள்.

இவர்தான் என்று சொன்னால் விறகு அடுக்குவார்கள். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போவாள். வாசற்படி காலியாக இருக்கும். தொட்டியில் தண்ணீர் அசையாமல் இருக்கும். அந்த அசையாத தண்ணீரைத்தான் அவள் பார்த்தாள், வேறெதையும் பார்க்கவில்லை.

"தெரியலீங்க," என்றாள். "எங்க வீட்டுக்காரரு வீட்டுல இருக்காரு."

குழி இடுப்பளவுதான் தோண்டினார்கள். பாயில் சுற்றி இறக்கினார்கள். மண்ணைத் தள்ளியபோது, உள்ளே ஓடுகள் நொறுங்குவது கேட்டது. பாயின் மடிப்பிலிருந்து நத்தைகள் மேலே ஏறி வந்தன. அவற்றின் மேலும் மண் விழுந்தது. கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மண்வெட்டிக்காரர் கடைசியில் மேட்டைக் காலால் மிதித்து இறுக்கினார். ஒரு பெரிய கல்லை உருட்டி வந்து மேலே வைத்தார்கள், நாய் கிளறாமல் இருக்க.

வண்டி திரும்பியபோது மூன்று மணி இருக்கும். மேட்டு லயத்தருகே அவளை இறக்கிவிட்டுப் போனார்கள். காலியான வீடுகளைத் தாண்டி அவள் தனியாக நடந்தாள். கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு கோழிகூட இல்லை. வெயில் பளீரென்று வாசல் முழுக்க விழுந்திருந்தது.

அவள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே பலகையில் அவன் மல்லாந்து படுத்திருந்தான். வாசல் வெயில் அவன் முகத்தின் மேலேயே விழுந்தது. கண்கள் திறந்திருந்தன. வெயிலுக்குக் கூசவில்லை.

"என்னாங்க."

"விளக்க ஏத்து, கருப்பாயி."

"வெயிலு அடிக்குதுங்க."

"இருட்டா இருக்கு."

அவள் சிம்னி விளக்கை ஏற்றிப் பலகை ஓரத்தில் வைத்தாள். வெயிலில் சுடர் தெரியவில்லை.

"ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேங்க."

"இல்லையே."

முருகன் படத்துக்கு முன்னால் இருந்த அகலை ஏற்றினாள். அடுப்பை மூட்டினாள். கொள்ளியை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் கண்ணுக்குள் நெருப்பு இரண்டு புள்ளியாகத் தெரிந்தது. இமை அசையவில்லை.

"நீ அங்க நின்ன," என்றான். குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. "உன் காலு தெரிஞ்சுது. ஏன் மூட விட்ட?"

கொள்ளியை அடுப்பில் வைத்துவிட்டு வந்து அவள் பலகைக்குக் கீழே உட்கார்ந்தாள். கையை நீட்டி அவன் கையைப் பிடித்தாள்.

"நீங்கதான்னு சொல்லியிருந்தா எரிச்சிருப்பாங்க."

அவன் யோசித்தான்.

"பாரமா இருக்கு," என்றான்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"நெஞ்சு மேல கல்லு வச்சிருக்காங்க."

அவள் பார்த்தாள். அவன் மார்பு உள்ளே இறங்கத் தொடங்கியது. மெதுவாக. ஒரு கல்லின் அகலத்துக்கு. உள்ளே ஓடுகள் நொறுங்கின.

அவன் கையை அவளிடமிருந்து உருவிக்கொண்டான். இரண்டு கைகளும் மேலே எழுந்தன. முகத்துக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில், எதிலோ முட்டி நின்றன. விரல்கள் மடங்கின. சுரண்டின.

சுரண்டுகிற சத்தம் கேட்டது.

ஒன்றுமில்லாத அந்த இடத்திலிருந்து மணல் உதிர்ந்தது. ஈர மணல். அவன் கழுத்தில். கன்னத்தில். திறந்த கண்ணில். நகக்கண்கள் கறுத்தன. நீலத் துணி அவிழ்ந்து மணிக்கட்டில் தொங்கியது.

கருப்பாயி முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்தாள்.

மறுபடி உதிர்ந்தது. துடைத்தாள்.

"தோண்டு, கருப்பாயி," என்று சொல்ல வாயைத் திறந்தான். பாதிப் பெயரில் வாய் நிறைந்தது. விழுங்கினான். மறுபடி திறந்தான். மறுபடி நிறைந்தது.

வெயில் வாசலில் அசையாமல் நின்றது. அடுப்பு எரிந்தது. சிம்னி எரிந்தது. அகல் எரிந்தது. கைகள் மேலே சுரண்டிக்கொண்டே இருந்தன. நகம் ஒன்று பெயர்ந்து பலகையில் விழுந்தது. அவள் அதை எடுத்து ஓரமாக வைத்தாள். முந்தானையை உதறினாள். அவன் வாயிலிருந்த மணலை இரண்டு விரலால் வழித்தெடுத்துத் தரையில் போட்டாள்.

பிறகு மறுபடி வழித்தாள்.